வின்னிபெக்கிலிருந்து டைனோசர் பள்ளத்தாக்கு வரை: டிரெய்லர் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் புல்வெளி மாகாணங்களைச் சாலை வழியாகக் கடப்பவர்களில் பலர் அதை ஒரே மூச்சில் முடித்துவிடவே பார்க்கிறார்கள். விடிவதற்கு முன் வின்னிபெக்கில் கிளம்பினால் இரவுக்குள் கால்கரி போய்விடலாம், நடுவில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் கணக்கு. பின்னால் தங்கும் அறைகொண்ட டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவர் இந்தக் கணக்கை விட்டுவிட வேண்டும். அகன்ற வெளியில் வீசும் காற்றும் நீண்ட தூரமும் டிரெய்லரின் எடையும் அவசரத்துக்கு இடம் தருவதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாம் போய்ச் சேரப்போகும் ஆல்பெர்ட்டாவின் டைனோசர் மாகாணப் பூங்கா, இதே சமவெளியை வெட்டித் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டும் இடம். மனிடோபாவைத் தட்டையாக்கியதும் ஆல்பெர்ட்டாவில் பள்ளத்தாக்குகளை அறுத்ததும் பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறைகளின் நீர்தான். கிழக்கிலிருந்து நிதானமாக வருகிறவருக்கு இந்தத் தொடர்பு கண்ணெதிரே விரியும். அதனால் இந்த வழிகாட்டி நான்கு நாள் பயணத்துக்கானது. ஒரு நாளில் 400 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

எப்போது போவது, எதை முதலில் பதிவு செய்வது

ஜூலையிலும் ஆகஸ்ட் முற்பாதியிலும் பள்ளத்தாக்கில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நிழலில்லாத வெளிறிய மண்மேடுகள் அந்த வெப்பத்தை நம் மேலேயே திருப்பி அனுப்பும். ஜூனில் புல் பச்சையாக இருக்கும், தரையோடு படர்ந்த கள்ளிச் செடிகள் மஞ்சள் பூக்களை விரித்திருக்கும். ஆனால் மழையும் கொசுவும் கூடவே வரும். என் தேர்வு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் இரண்டு வாரங்கள். பகலில் நடக்க முடியும், இரவில் நன்றாகத் தூங்கவும் முடியும்.

பூங்காவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பரப்பு. வழிகாட்டியோடு போகும் சுற்றுகளில் சேர்ந்தால்தான் அதற்குள் நுழைய முடியும். டைனோசர் எலும்புகள் குவிந்துகிடக்கும் எலும்புப் படுகைகளைப் பார்க்க வேண்டுமானால் வேறு வழி இல்லை, இந்தச் சுற்றுகளின் இடங்களோ விரைவில் தீர்ந்துவிடுகின்றன. ஆகவே முகாமிடத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு, சுற்றை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் தேதி பொருந்துகிறதா என்று பார்த்து ஒன்றாக முடியுங்கள். ஆல்பெர்ட்டா மாகாணப் பூங்காக்களில் தனி முகாமிடங்களை 90 நாள் முன்பிருந்து இணையத்தில் பதிவு செய்யலாம். கோடை வார இறுதிகளுக்கு அந்த 90-ஆம் நாள் காலையிலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. இடம் கிடைக்காவிட்டால், பூங்காவுக்குத் தென்மேற்கே உள்ள புரூக்ஸ் என்ற ஊருக்கு அருகே கின்புரூக் தீவு, டில்லிபுரூக் என்று இரண்டு மாகாணப் பூங்காக்கள் உண்டு. அங்கே தங்கி, பகலில் பள்ளத்தாக்குக்குப் போய்வரலாம்.

பதிவுக்கு முன் டிரெய்லரை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். மாடலின் பெயரில் உள்ள எண் பல நேரங்களில் உள்ளறையின் நீளத்தைத்தான் குறிக்கும். முன்னே நீளும் கொக்கிச் சட்டம் முதல் பின்னால் தொங்கும் உபரி டயர் வரை அளந்தால் ஒரு மீட்டருக்கும் மேல் கூடக்கூடும்.

எடைக் கணக்கு: ஓர் உதாரணம்

“இந்த வண்டி 3,500 கிலோ இழுக்கும்” என்று விற்பவர் சொல்லும் எண்ணை வைத்துத் திட்டமிடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறனாக இருக்காது, வண்டியின் சுமைத் திறனாகத்தான் இருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலைச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கும்.

அந்தச் சீட்டில் 650 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருள்கள் ஏற்றிய டிரெய்லரின் எடை 2,500 கிலோ. கொக்கியின் மேல் அழுந்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 சதவீதம் என்றால் 325 கிலோ. கொக்கிச் சாதனம் 40 கிலோ. நான்கு பேர் கொண்ட குடும்பம் 260 கிலோ. மொத்தம் 625 ஆகிவிட்டது. வண்டியின் பின்பகுதியில் விறகும் ஐஸ் பெட்டியும் மிதிவண்டிகளும் வைக்க மிஞ்சியிருப்பது 25 கிலோ! இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டால் எதை விட்டுவிட்டுப் போவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கொக்கி எடை கூடுகிறதே என்று கனமான பொருள்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளுவது விபரீதம். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் பக்கவாட்டில் அலைபாயத் தொடங்கும். சாமான்களில் சுமார் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டியை வின்னிபெக்கிலேயே நிரப்பி ஆயிரம் கிலோமீட்டர் இழுத்துப் போக அவசியமில்லை. வழிக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, புரூக்ஸில் முழுதாக நிரப்புங்கள். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில், லாரி எடைமேடை ஒன்றில் நிறுத்திப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கு வேலை இருக்காது.

எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கியும் அலைவைத் தடுக்கும் அமைப்பும் இந்தப் பாதைக்குக் கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. நகரத்துக்கு அருகே ஏரிக்கரை வரை போகிறவருக்கு அவை இல்லாமல் சமாளிக்க முடியலாம். சஸ்காச்சவனின் பக்கக் காற்றில் அப்படி முடியாது.

கிளம்பும் முன்

டயரில் இருந்து தொடங்குங்கள். அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஆண்டில் பாதிக்கு மேல் நின்றபடியே இருக்கும் டிரெய்லர் டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையில் கெட்டுப்போகின்றன. ஐந்தாறு ஆண்டு ஆகிவிட்டால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிரெய்லருக்கான டயர்களில் பல மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்துக்கே செய்யப்பட்டவை. நெடுஞ்சாலையின் வரம்பு 110 என்று பலகை சொன்னாலும் உங்கள் வரம்பு 95 முதல் 100 வரைதான். காற்றழுத்தத்தை டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

பிறகு வரிசையாக:

- சக்கர நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்குங்கள். முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி பாருங்கள். வின்னிபெக்கிலிருந்து வருகிறவருக்கு அந்த இடம் போர்டேஜ் லா பிரெய்ரி.
- பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். கொக்கி கழன்றாலும் முன்சட்டம் தரையில் விழாமல் அவை தாங்கும்.
- டிரெய்லர் பிரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள்.
- விளக்குகளை இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும்.
- காலி மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும், சக்கரம் இறுகிச் சறுக்கக் கூடாது.
- புரொப்பேன் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டே கிளம்புங்கள். முந்தின நாளே குளிரவைத்த குளிர்பெட்டி, கதவைத் திறக்காவிட்டால் பகல் முழுதும் தாங்கும்.

நான்கு நாள் வழி

முழு வழியும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை 1-தான். புரூக்ஸ் வரை சுமார் 1,150 கிலோமீட்டர், போக்கும் வரவும் தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்த நல்ல சாலை. வின்னிபெக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர், ரெஜைனா சுமார் 575, புரூக்ஸ் சுமார் 760. கண்ணுக்கு ஒரு மேடும் தெரியாமல் 500 மீட்டருக்கும் மேல் ஏறுகிறோம். இந்த ஏற்றத்தோடு எதிரே வரும் மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்வதால் 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோலைத் தாண்டினால் வியப்படைய வேண்டாம். தொட்டி பாதியானதுமே நிரப்பிவிடுங்கள்.

முதல் நாள் வின்னிபெக்கிலிருந்து மூசோமின் வரை, சுமார் 350 கிலோமீட்டர். நகரத்தை விட்டதும் வருகிற தட்டை நிலம் ஒரு ஏரியின் அடித்தரை. பனிப்பாறைகள் உருகித் தேங்கிய அகசீஸ் என்ற பெரும் ஏரி இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்து வண்டல் படியவைத்துப் போனது. போர்டேஜைத் தாண்டி நிலம் லேசாக எழும்பி மணற்பாங்காகும் இடத்தில் அந்த ஏரியை விட்டு வெளியே வருகிறோம். சஸ்காச்சவன் எல்லையில் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டுவதற்குச் செலவிடாமல் மூசோமினில் வெளிச்சத்திலேயே டிரெய்லரை நிறுத்தப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் நாள் மூஸ் ஜா அருகே உள்ள பஃபலோ பவுண்ட் மாகாணப் பூங்கா வரை, சுமார் 300 கிலோமீட்டர். ரெஜைனாவில் நகருக்குள் போகாமல் 2019-இல் திறந்த புறவழிச் சாலையைப் பிடியுங்கள். பஃபலோ பவுண்டில் சமவெளியிலிருந்து கப்பெல் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். இதுவும் உருகிய பனி நீர் வெட்டிய வாய்க்கால்தான். டிரெய்லரோடு சரிவில் இறங்கிப் பழக நல்ல ஒத்திகை இது. கடைசி நாள் இறக்கத்துக்கு முன்னால் கை தயாராகிவிடும்.

மூன்றாம் நாள் சுமார் 360 கிலோமீட்டர். மூஸ் ஜாவைத் தாண்டினால் தட்டை நிலம் போய், பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போன குன்றுகளும் குட்டைகளும் வரும். சாப்ளினில் சாலையை ஒட்டியே வெண்மையான உப்புப் பரப்பு விரிகிறது. அது சோடியம் சல்பேட். ஆர்க்டிக்குக்குப் போய்வரும் கரையோரப் பறவைகள் இந்த உப்புநீரில் உள்ள நுண்ணிய இறால்களைத் தின்பதற்காகக் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. மதிய உணவுக்கு இங்கே நிறுத்துங்கள். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அன்று மாலை மேப்பிள் க்ரீக்கில் தெற்கே திரும்பி சைப்ரஸ் ஹில்ஸில் தங்குங்கள். சுற்றிலும் வறண்ட புல்வெளி இருக்க, நடுவே பைன் மரக் காடு. பனியுகத்தில் இந்தக் குன்றுகளின் உச்சி பனிப்பாறைக்கு மேலே தீவாக நீண்டிருந்தது. இரவு குளிரும், ஆகஸ்டிலும் கம்பளி வேண்டும். இங்கிருந்து ஆல்பெர்ட்டா பக்கத்துக்குக் குறுக்கே ஒரு மண்பாதை போவதை வரைபடம் காட்டும். டிரெய்லரோடு அதில் இறங்காதீர்கள், மழை பெய்தால் லாரிகளே சிக்கிக்கொள்ளும் பாதை அது. வந்த வழியே நெடுஞ்சாலைக்குத் திரும்புங்கள்.

நான்காம் நாள் மெடிசின் ஹாட், புரூக்ஸ் வழியாகப் பூங்கா, சுமார் 290 கிலோமீட்டர். வண்டியின் மேல் கயாக் கட்டியிருந்தால் ஆல்பெர்ட்டாவுக்குள் நுழைந்ததும் படகுச் சோதனை நிலையத்தில் கட்டாயம் நிற்க வேண்டும். புரூக்ஸில் பெட்ரோல், குடிநீர், மளிகை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தென்கிழக்கே, 1914-இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டி முடித்த மூன்று கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் நீர்ப்பாலம் இன்றும் வயல்களுக்கு மேலே நிற்கிறது. இந்த வறண்ட நிலத்தில் விவசாயம் எப்படி வந்தது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும்.

காற்றும் ஆலங்கட்டி மழையும்

மலைப்பாதையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் சமவெளியில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். இங்கே ஆபத்து பக்கத்திலிருந்து வருகிறது. பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது டிரெய்லர் முதலில் வெளியே தள்ளப்பட்டு, பிறகு உள்ளே இழுக்கப்படும். இதை எதிர்பார்த்துக் கைகளை உறுதியாக வைத்திருந்தால் போதும், ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சண்டை போட வேண்டாம்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் கால் தானாகப் பிரேக்கை நாடும். அதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரின் கை நெம்புகோலை மெல்ல அழுத்துங்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும்போது அது பின்னுக்கு இழுத்து நேராகிவிடும். இதைக் கூட வருகிறவருக்கும் சொல்லிவைப்பது நல்லது. காற்றின் வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று கிளம்பாதீர்கள், அல்லது காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் ஓட்டி முற்பகலில் முடித்துக்கொள்ளுங்கள்.

கனடா சுற்றுச்சூழல் துறையின் வானிலைச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றி எச்சரிக்கைகளை இயக்கிவையுங்கள். கோடைப் பிற்பகலில் எழும் இடிமேகங்கள் இந்தப் பகுதியில் கூரையைத் துளைக்கும் ஆலங்கட்டிகளைக் கொட்டக்கூடியவை. மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே நிறுத்துவது மற்றவர்களுக்கு ஆபத்து. பெட்ரோல் நிலையத்திலோ ஊருக்குள்ளோ ஒதுங்குங்கள். முகாமில் இருக்கும்போது, வெளியே கிளம்பினாலும் தூங்கப் போனாலும் பந்தல் துணியைச் சுருட்டிவிடுங்கள்.

பள்ளத்தாக்கில் இறங்குதல்

புரூக்ஸிலிருந்து வடகிழக்கே சுமார் 48 கிலோமீட்டர். பட்ரீசியா என்ற சிற்றூரைத் தாண்டிய பிறகும் கோதுமையும் மேய்ச்சல் நிலமும்தான். பூங்கா வாசலுக்கு வந்ததும் நிலம் திடீரென்று முடிந்துவிடுகிறது. நீங்கள் நான்கு நாளாகப் பார்த்துவந்த தட்டைப் பரப்பு கத்தியால் வெட்டியதுபோல் நின்று, அதன் கீழே பழுப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்கான மண். மேலே காட்சி மேடை இருக்கிறது. அங்கே நிறுத்திப் பாருங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டாம். இறங்கும்போது கீழ் கியரில் போட்டு, பிரேக்கை இடைவிட்டு இடைவிட்டு அழுத்துங்கள்.

முகாம் ரெட் டியர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், காட்டன்வுட் மரங்களின் நிழலில் இருக்கிறது. நிறுத்தும் வரிசை மாறக் கூடாது. முதலில் பக்கவாட்டு மட்டம்: ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அதன் பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் முன்ஜாக்கியால் நீளவாட்டு மட்டம். மூலைத் தாங்கிகள் கடைசி. அவை டிரெய்லர் ஆடாமல் நிற்கத்தான், எடையைத் தூக்க அல்ல.

மின் இணைப்பு உள்ள இடம் கிடைத்தால் மின்னெழுச்சித் தடுப்பானை இடையில் மாட்டுங்கள். 30 ஆம்பியர் என்பது மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்க, ரைஸ் குக்கரையும் மின்கெண்டியையும் ஒன்றாகப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். சோறு வேகும் நேரத்துக்கு ஏசியை நிறுத்துங்கள். ஒவ்வொரு முகாமிடத்திலும் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புரூக்ஸில் நிரப்பிய தண்ணீர் இங்கேதான் கைகொடுக்கும். கைப்பேசி அலைவரிசையும் பள்ளத்தாக்கில் நம்ப முடியாதது, வரைபடங்களை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணை அருகில் பார்ப்பது

இந்தப் பாறைகள் சுமார் ஏழரைக் கோடி ஆண்டுப் பழமையானவை. அன்று இங்கே ஒரு உள்நாட்டுக் கடலின் ஓரச் சமவெளி இருந்தது. சூடான, ஈரமான நிலத்தில் ஆறுகள் வளைந்து ஓடின. 50-க்கும் மேற்பட்ட டைனோசர் இனங்கள் இங்கே கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 1910-களில் நியூயார்க்கிலிருந்து வந்த பார்னம் பிரவுனும், கனடா நிலவியல் அளவைத் துறைக்காக ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தாரும் இந்த ஆற்றில் தட்டைப் படகுகளில் மிதந்துகொண்டே போட்டி போட்டு எலும்புகளைத் தோண்டினார்கள். 1955-இல் பூங்கா அமைந்தது, 1979-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பார்க்க வேண்டிய முதல் இடம் பார்வையாளர் மையம். அடுத்து, முன்பே பதிவு செய்த சுற்று. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சென்ட்ரோசாரஸ் எலும்புப் படுகைக்கு நடந்து போகும் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். கொம்புள்ள அந்த விலங்குகளின் பெரும் மந்தை ஒன்று வெள்ளத்தில் மூழ்கி இறந்ததாக ஆய்வாளர்கள் கருதும் இடம் அது. மிச்ச நேரத்தில் பேட்லேண்ட்ஸ் பாதை, கூலீ (ஓடை அறுத்த சிறு பள்ளம்) காட்சிப் பாதை, காட்டன்வுட் பாதை என்ற சிறு பாதைகளில் நீங்களாகவே நடக்கலாம். காட்டன்வுட் பாதை மாலைக்கு, மற்றவை அதிகாலைக்கு. மதியத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் எங்கும் போகாதீர்கள்.

குன்றுகளின் மேல்தோலைக் குனிந்து பாருங்கள். காய்ந்த நிலையில் அது பொரிந்து வெடித்து, விரலால் அழுத்தினால் நொறுங்கும். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் களிமண் அது. மழை பட்டதும் தண்ணீரைக் குடித்து உப்பி வழவழப்பாகிவிடும், காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடும். அதனால் மழை பெய்த அன்று சரிவுகளில் ஏறவே கூடாது. அந்தத் தோல் உதிர உதிரத்தான் புதிய எலும்புகள் வெளியே வருகின்றன. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்பில் நுண்துளைகள் தெரியும், கல் ஒரே சீராக இருக்கும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மையத்தில் சொல்லுங்கள். இருந்த இடத்திலிருந்து அசைக்காதீர்கள். பூங்காவிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். குழந்தைகளிடம் இதை இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். பிரெய்ரி கிலுகிலுப்பைப் பாம்பும் கறுப்பு விதவைச் சிலந்தியும் சிறு தேள்களும் இங்கே வாழ்கின்றன. கணுக்காலை மூடும் காலணி போதுமான பாதுகாப்பு.

கிளம்பும் காலை

கழிவு வெளியேற்றும் இடத்தில் கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து, அது வடிந்த பிறகு கழுவுநீர்த் தொட்டியைத் திறங்கள். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். குடிநீர்க் குழாயை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. கொக்கி, சங்கிலி, விளக்கு, நட்டு எல்லாவற்றையும் முதல் நாள்போலவே மறுபடி பாருங்கள்.

திரும்பும் வழியில் காற்று பெரும்பாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், நிலமும் இறங்கிக்கொண்டே போகும். பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் இடிமேகங்களும் மேற்கிலிருந்து கிழக்காக, நீங்கள் போகும் திசையிலேயே நகர்கின்றன. பின்னால் திரண்ட மேகம் பிற்பகலில் உங்களை எட்டிப் பிடிக்கும். ஆகவே காலையில் ரேடாரைப் பார்க்கும்போது போகும் ஊரை மட்டும் பார்க்காமல் உங்களுக்கு மேற்கே 300 கிலோமீட்டரையும் பாருங்கள். அங்கே சிவப்பு தெரிந்தால் மேகத்தோடு ஓட்டப் பந்தயம் வைக்காமல், ஸ்விஃப்ட் கரன்டிலோ மூஸ் ஜாவிலோ இன்னொரு இரவு தங்கிவிடுங்கள்.